சவரக்கத்தியும் பஞ்சப்படியும்

சாயங்காலம் நம் பெஞ்சில் உட்காரும் நண்பர்கள் சிலர் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். படட்டும். நானும் அந்தப் பெஞ்சில் உட்காருகிறவன்தான். இதில் வரும் திட்டில் பாதி எனக்கே சேரும்.

விஷயம் இதுதான். கடைத்தெருவில் நான் ஆத்தூருக்குக் குடிவந்த 2011-லிருந்து போய்வரும் சலூனில், 2025 தை மாதம் முதல் சவரக் கூலி ஐம்பதிலிருந்து எழுபது ஆயிற்று. கண்ணாடிக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். அன்று மாலை பெஞ்சில் வேறு பேச்சே இல்லை. அங்கே கூடும் ஆறு பேரும் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்.

"ஒரே அடியா இருவது ரூவா ஏத்திட்டான் பாத்தீயளா?"

"என்ன பெரிய வேல? நாலு இழுப்பு."

"நம்ம ஒரு மாசம் போகாம இருந்தா தன்னால எறங்கி வருவான்."

அவரைவிடப் பெரியவர்கள் நாம் என்பது உண்மைதான். ஆனால் பேச்சில் விழுந்த அந்த 'டான்', 'வான்' வயதைப் பார்த்து வந்ததல்ல. அதே வயதுள்ள வங்கி மேனேஜரை நாம் அப்படிச் சொல்வதில்லை. இதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கவனிக்காததோடு, எல்லோரையும் முந்திக்கொண்டு ஒரு வீரமும் பேசினேன். "அவர் வைத்திருக்கும் அதே கத்தியை வாங்கி நானே செய்துகொள்கிறேன். ஒரு மாதத்தில் காட்டுகிறேன்" என்றேன். பெஞ்சு கைதட்டியது.

தூத்துக்குடிக்கு ஒரு வேலையாகப் போனபோது, சலூன் சாமான்கள் விற்கும் கடையில் கேட்டேன். நூற்று முப்பது ரூபாய். மடக்குக் கத்திதான். பழைய நாவிதர் கத்தியின் உருவம், ஆனால் அதில் தீட்டிய அலகு கிடையாது. வெறும் பிடியும் ஒரு கவ்வியும். சாதாரண இருபக்க பிளேடை அதன் காகிதத்தோடு மடக்கி நடுவில் ஒடித்தால் இரண்டு பாதி. ஒரு பாதியை அந்தக் கவ்வியில் செருகிக்கொள்ள வேண்டும். சவரம் முடிந்ததும் பாதி பிளேடைக் கழற்றிப் போட்டுவிடலாம். முழு பிளேடு மூன்று ரூபாய் என்றால் ஒரு சவரத்துக்கு ஒன்றரை ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஒன்றரை ரூபாய் வேலைக்கு எழுபது ரூபாயா!

மறுநாள் காலை கன்னத்தில் நாலு இழுப்பு நன்றாகவே வந்தது. ஐந்தாவது இழுப்பு தாடை எலும்பின் வளைவில். சுருக்கென்றது. மேலுதட்டில் இன்னொன்று. கழுத்தில் இரண்டு. படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன இது, கோழிய உரிச்ச மாதிரி?" என்றாள் மனைவி. பெஞ்சுக்கு மூன்று நாள் போகவில்லை.

ஏன் வெட்டியது என்று யோசித்தேன். நாம் வழக்கமாக வீட்டில் வைத்திருக்கும் ரேசரில் பிளேடு எந்தச் சாய்வில் முகத்தில் படவேண்டும் என்பதை அதைச் செய்தவனே தீர்மானித்துவிடுகிறான். நாம் இழுத்தால் போதும். இந்தக் கத்தியில் அந்தச் சாய்வைக் கைதான் பிடிக்க வேண்டும். சுமார் முப்பது பாகை. படுத்தால் மயிர் வெட்டுப்படாது, நிமிர்ந்தால் தோல் வெட்டுப்படும். பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பழைய தீட்டுக் கத்திக்காவது சொந்த எடை இருந்தது, அந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். இது இறகு மாதிரி இருக்கும். கை கொஞ்சம் தவறினால் மன்னிக்காது. போதாததற்கு வலது கைக்காரன் தன் இடது கன்னத்தைச் சிரைக்க மூக்கைத் தாண்டிக் கையை வளைக்க வேண்டும். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும்.

எட்டாம் நாள் தோற்று, சலூனுக்கே போனேன். நாற்பது வயதுத் தம்பி. முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சார், வீட்ல நம்ம கத்தியவா போட்டீய?"

"ஆமாம் தம்பி."

"தோல இழுத்துப் பிடிக்கல. நுரையும் காஞ்சு போயிருக்கும். அதவிட, கத்திய அமுக்கியிருக்கீய. எழுதுன கைல்லா? அமுக்கித்தான் பழக்கம். அது போற போக்குல விடணும் சார்."

உண்மை. முப்பத்தெட்டு வருஷம் கார்பன் தாள் வைத்து மூன்று நகல் எழுதிய கை. மூன்றாவது நகலில் எழுத்து விழ வேண்டுமென்றால் அமுக்கத்தான் வேண்டும். ஒரு குமாஸ்தாவின் கையை ஒரே பார்வையில் படித்துவிட்டார். பிறகு என் விரலைப் பிடித்து, மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிக் காட்டினார். கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தின் இடப்பக்கம் குறுக்காக, குரல்வளைக்கு அருகே ஒரு சுழி. எழுபத்து நாலு வருஷமாக நான் சுமந்து திரியும் முகம். அதில் ஒரு சுழி இருப்பது எனக்குத் தெரியாது. அவருக்குப் பதினாலு வருஷமாகத் தெரியும்.

பாடத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "பாடத்துக்கு என்ன சார் காசு, சவரத்துக்கு எழுவது குடுங்க" என்றார்.

அவர் சொன்னபடி செய்தேன். வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்து மயிரை ஊறவிடுவது, நுரையைத் தேய்த்து எழுப்புவது, இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பது, சின்னச் சின்ன இழுப்பு. மூன்று வாரத்தில் ரத்தமில்லாமல் வந்தது. இன்றைக்கும் எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. அவர் பத்து நிமிஷத்துக்குள் முடிக்கிறார். அதுவும் தன் முகத்தில் இல்லை, அடுத்தவர் முகத்தில். அந்த முகம் பேசும், இருமும், திடீரென்று வாசலில் போகிறவரைப் பார்த்துத் திரும்பும். எழுபது வயதுத் தோல் தொங்கும், மரு இருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒருவருக்கும் கீறல் விழக்கூடாது. நான் என் உத்தியோகக் காலத்தில் எத்தனை கோப்புகளில் தப்பாக எழுதி, அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருப்பேன்! அவருக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது அந்த "நாலு இழுப்பு" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

நம் மொழியில் ஒரு கெட்ட வழக்கு உண்டு. வேலை செய்யாதவனைப் பார்த்து "இவ்வளவு நேரம் என்ன சிரைச்சிக்கிட்டிருந்தியா?" என்கிறோம். உருப்படாதவனை "போய்ச் சிரை" என்கிறோம். சிரைப்பது என்றால் எவனும் செய்யக்கூடிய, செய்தும் பயனில்லாத வேலை என்று பொருள். மூன்று வாரம் ரத்தம் சிந்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வசவைக் கண்டுபிடித்தவன் கத்தியைக் கையில் பிடித்தே பார்த்திருக்க மாட்டான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மடக்குக் கத்தியை வேடிக்கையாகக் 'கூப்-ஷூ' என்பார்கள், முட்டைக்கோஸ் வெட்டி என்று அர்த்தம். ஆனால் அந்தக் கத்தியை அவர்கள் லேசாக எண்ணவில்லை. பாரீஸில் ழான்-ழாக் பெரே என்ற கத்தி செய்யும் வல்லுநர், ஒருவன் தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளக் கற்பதைப் பற்றி 1769-இல் தனிப் புத்தகமே எழுதினார். தச்சர்களின் இழைப்புளியில் உளி கொஞ்சமே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் போல, கத்தியின் அலகு கொஞ்சமே தெரியும்படி காப்பு வைத்த கத்தியையும் அவர் வடிவமைத்தார். கத்தி செய்கிற வல்லுநரே புத்தகம் போட்டுச் சொல்லித்தர வேண்டியிருந்த வேலை இது. பெஞ்சில் அது நாலு இழுப்பு!

அதற்குச் சில வருஷம் கழித்து, 1775-இல், போமார்ஷே என்பவரின் நாடகம் மேடையேறியது. செவில் நகரத்து நாவிதன் கதை. அந்த நாவிதன் ஃபிகாரோ, பிரபுவைவிடப் புத்திசாலி. அதன் தொடர்ச்சியான நாடகத்தைப் பதினாறாம் லூயி மன்னர் சில காலம் தடுத்தே வைத்திருந்தார். இன்றும் பாரீஸில் 'ல ஃபிகாரோ' என்று பெரிய பத்திரிகை வருகிறது, 1826-இல் தொடங்கியது. ஒரு நாவிதன் பெயரைப் பத்திரிகைக்கு வைக்க அங்கே யாரும் கூசவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அம்புருவாஸ் பாரே நாவிதரிடம் தொழில் பழகி, பிரான்சின் நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்தார். காலை வெட்டி எடுத்தால் காய்ச்சிய இரும்பால் சுடுவதை விட்டு, ரத்தக் குழாயை நூலால் கட்டச் சொன்னவர் அவர்.

இது ஏதோ ஐரோப்பியப் பெருமை என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் அவர்களுக்கு மருத்துவர் என்று ஏன் பெயர் வந்தது? கட்டி கீறியதும், புண்ணுக்கு மருந்து வைத்ததும் அவர்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அந்த வீட்டுப் பெண். இந்தப் பக்கத்தில் பழையவர்கள் நாவிதரைக் குடிமகன் என்றார்கள். பிறகு இந்தக் குடியரசு வந்து எல்லோரையும் குடிமகன் என்றது. சொல் ஒன்றாகிவிட்டது. நடத்தை ஒன்றாகவில்லை. நம் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எவ்வளவு மகிழ்ந்தோம்! வெற்றிலைப் பைக்கும் அடைப்பம் என்று பெயர், நாவிதர் கத்தி வைக்கும் பைக்கும் அடைப்பம் என்றே பெயர். ஒரு அடைப்பத்துக்கு மரியாதை, இன்னொன்றுக்கு இல்லை.

சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். "அந்தக் காலத்து நாவிதர் கத்தி போல வருமா? சாணைக்கல்லில் தீட்டி, தோல் வாரில் தடவி... இப்போது எல்லாம் பிளேடு" என்று. அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு நாவிதர் கொல்லைப்புறமாகத்தான் வருவார். வாசல் அவருக்குக் கிடையாது. அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அப்பா அவரை "வாடா" என்பார். அறுவடைக்கு அறுவடை நெல் அளந்து போடுவார்கள், அளக்கும்போது மரக்காலின் தலையைத் தட்டுவார்கள். அதே வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து நான் 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தைப் பிரெஞ்சில் உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். மனிதர்கள் பிறப்பால் சமம் என்று கூடத்தில் பாடம் நடக்கும், கொல்லையில் மண்ணில் உட்கார்ந்து ஒருவர் கத்தி தீட்டுவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தக் கத்தி ஊரில் எல்லோர் முகத்திலும் பட்டதும் இல்லை. சேரிக்காரருக்குச் சிரைத்தால் எங்களுக்குச் சிரைக்காதே என்று நாவிதரை மிரட்டியது யார்? ஆதிக்கம் செய்த தெருக்கள்தான். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து அதைக் குற்றம் என்றது. மறுத்த பழி கடைக்காரர் தலையில் விழுந்தது, மறுக்கச் சொன்னவர்கள் வெள்ளை வேட்டியோடு நடந்தார்கள்.

போகட்டும், உடம்பு விஷயத்துக்கு வருவோம். பழைய கத்தி ஒன்றே பத்து முகங்களுக்கு. மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும் என்கிறது மருத்துவம். காய்ந்த ரத்தத் துளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு பரவிய பயத்தில்தான் நம் சலூன்களில் தீட்டுக் கத்தி போய், ஆளுக்கு ஒரு பாதி பிளேடு வந்தது. தீட்டுவது என்பது கைவேலையில் ஒரு பகுதி, அது போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த மாற்றம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எண்ணிப்பாருங்கள். நூற்று முப்பது ரூபாய்க் கத்தி பழைய கத்தியைவிட மட்டமில்லை. எந்தத் திறமை மிச்சமிருக்க வேண்டுமோ அதை அது மிச்சம் வைத்திருக்கிறது. எந்த ஆபத்து போக வேண்டுமோ அது போயிருக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. மகனோ மருமகனோ வாங்கித் தந்த ஐந்து பிளேடு ரேசர் கட்சி. பெஞ்சில் இவர்கள் மூன்று பேர்.

கில்லெட் என்ற அமெரிக்கர் 1903-இல் தன் ரேசரை விற்கத் தொடங்கினார். அந்த வருஷம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைக்குள் ரேசர் போனதும் வியாபாரம் உலகம் சுற்றியது. அந்த ஒற்றைப் பிளேடை நான் குறை சொல்ல மாட்டேன், நாம் பாதியாக ஒடிப்பது அதன் பேரப்பிள்ளையைத்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1971-இல் இரண்டு பிளேடு. 1975-இல் பிரெஞ்சு 'பிக்' கம்பெனி, பிடியோடு தூக்கி எறியும் ரேசரைக் கொண்டுவந்தது. 1998-இல் மூன்று பிளேடு, 2003-இல் நான்கு, 2006-இல் ஐந்து. மனிதன் முகத்தில் முளைக்கும் மயிர் மாறவில்லை, பிளேடு மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போகிறது. முதல் பிளேடு மயிரைப் பிடித்து இழுக்க, அடுத்தது அதைத் தோலுக்குக் கீழே வெட்டுகிறது. நம்மில் சுருட்டை மயிர்க்காரர்களுக்கு அந்த மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் போடும். அதே கம்பெனி 2010-இல் இந்தியாவுக்கென்று பதினைந்து ரூபாயில் ஒரு ரேசர் இறக்கியது. அதில் எத்தனை பிளேடு? ஒன்று.

ஐந்து பிளேடுத் தலை ஒன்று இருநூறு ரூபாய்க்கு மேல். மழுங்கினால் தீட்ட முடியாது, பிரிக்க முடியாது. இரும்பும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஒட்டிக்கிடக்கும் அதைப் பழைய சாமான்காரரும் எடுக்க மாட்டார். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தாமிரபரணிக் கரையில் நடந்தேன். முள்ளுச் செடிகளில் சிக்கியிருந்த குப்பையில் இந்த ரேசர் பிடிகளும் இருந்தன. என் சவரத்தில் மிஞ்சுவது ஒரு நகத்தளவு இரும்பு. பழைய டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, அதற்குள் போட்டு வைக்கிறேன். துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கக் கூடாது அல்லவா.

இதில் எனக்குக் கோபம் மூட்டுவது இதுதான். பெஞ்சில் ஐந்து பிளேடுத் தலையின் விலையைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் கூட்டம் போடவில்லை. அட்டைப் பெட்டியில் அச்சடித்த விலை என்றால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். அட்டையில் ஒரு மனிதர் கையால் எழுதிய விலை என்றால் பேரம் பேசுகிறோம்.

இனி கணக்கு. குமாஸ்தாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் 1973-இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளம் எல்லாம் சேர்த்து 215 ரூபாய். அன்று சவரத்துக்கு ஐம்பது காசு. அதாவது என் மாதச் சம்பளத்துக்கு 430 சவரம். 2025-இல் என் ஓய்வூதியம் பஞ்சப்படியோடு 30,200 ரூபாய். சவரம் எழுபது ரூபாய். வகுத்துப் பாருங்கள், 431 சவரம். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு காசு கூட அதிகமாக வாங்கவில்லை. ஐம்பது ரூபாய் வாங்கிய வரை என் ஓய்வூதியத்துக்கு 604 சவரம். அப்படியானால் இத்தனை நாளும் யார் யாருக்குக் கடன்?

அவர் ஐம்பது ரூபாய் ஆக்கியது 2017-இல். அந்த ஜூலையில் நமக்குப் பஞ்சப்படி 5 சதவீதம். 2025 ஜனவரியில் 55 சதவீதம். நூற்றைந்து ரூபாய் வாங்கியவர் நூற்றைம்பத்தைந்து வாங்குகிறார், ஏற்றம் நூற்றுக்கு நாற்பத்தேழு. ஐம்பது எழுபதானால் ஏற்றம் நூற்றுக்கு நாற்பது. நம்மைவிட அவர் குறைவாகத்தான் ஏற்றியிருக்கிறார். நமக்கு ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை கேட்காமலே வருகிறது. அறிவிப்பு ஒரு மாதம் தள்ளினால் பெஞ்சு கொதிக்கிறது. அவருக்கு எந்த அரசாணையும் வராது. தானே ஒரு அட்டை எடுத்து, மார்க்கர் பேனாவில் எழுதி, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒட்ட வேண்டும்.

கொரோனாவில் நம் பஞ்சப்படியை 18 மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த நிலுவை வரவில்லை என்று இன்றும் புலம்புகிறோம், நானும் புலம்புகிறேன். அதே 2020-இல் மார்ச் கடைசியிலிருந்து மே மாதப் பிற்பாதி வரை சலூன்கள் பூட்டிக்கிடந்தன. கடை வாடகை பூட்டிக்கிடக்கவில்லை. அந்த நிலுவையை அவர் யாரிடம் கேட்பார்?

திருச்செந்தூர் இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி. நம் வீட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதல் மொட்டை அங்கேதான். அலறிக்கொண்டு தலையை ஆட்டும் ஒரு வயதுக் குழந்தையின் உச்சிக்குழி மேல் இதே பாதி பிளேடுக் கத்தியை ஓட்டுகிறார்கள். பார்க்கும்போது நமக்கு மூச்சு நின்றுவிடும், முடிந்ததும் சந்தனம் தடவுவதில் மும்முரமாகி அவரை மறந்துவிடுவோம். 2021-இல் அரசு கோயில் மொட்டைக்குக் கட்டணத்தை நீக்கி, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அந்த ஐயாயிரம் நம்முடைய ஒரு வருஷப் பஞ்சப்படி ஏற்றத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய தொகை. சாமிக்கு நேர்ந்த தலையை நம்பி ஒப்படைக்கிற கைக்கு நாம் போட்டிருக்கும் மதிப்பு அது.

"எல்லோரும் ஓய்வூதியக்காரர்களா? ஏழைக் கிழவன் எழுபது ரூபாய்க்கு எங்கே போவான்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு எழுபது பெரிய காசுதான். சலூனில் நான் உட்கார்ந்திருந்தபோதே அப்படி ஒருவர் வந்தார். முப்பது ரூபாயை மேசையில் வைத்தார். தம்பி எண்ணிப் பார்க்காமல் டிராயரில் போட்டார். அந்தச் சலுகையை அவர் யாருக்குக் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தெரியும். ஏழையின் பெயரைச் சொல்லி அதை நாம் வாங்கப் பார்க்கக் கூடாது.

"நீரே வீட்டில் சிரைத்துக்கொண்டு அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டு நியாயம் பேசுகிறீரே?" என்பது அடுத்த கேள்வி. வீட்டில் சவரம் செய்துகொள்வது யாருக்கும் உரிமை, நானும் செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கடைக்குப் போகிறேன். ஆனால் அந்த வேலைக்கு மதிப்பில்லை என்று காட்டத்தான் நான் கத்தியை வாங்கினேன். அது தப்பு. அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள இனி யாராவது வாங்கினால் நல்லது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கை நடுங்குகிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பரீட்சையில் இறங்க வேண்டாம். நம் வயதில் அது பாதிப் பேர். சலூனுக்குப் போங்கள். உங்கள் கண் முன்னால் புது பிளேடை ஒடித்துப் போடச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை, நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்குமுன்பே காட்டுவார்.

ஒரு மாதம் முடிந்து பெஞ்சில் இதையெல்லாம் சொன்னேன். கணக்கையும் சொன்னேன். ஒருவர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து "நல்லாத்தான் செஞ்சிருக்கீரு" என்றார், விஷயத்தை மாற்றத்தான். இன்னொருவர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மற்ற இரண்டு பேர் கடைக்குப் போய் எழுபது கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று கேள்வி.

என் பங்குக்கு நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம். எழுபதைச் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு போகிறேன், மீதிச் சில்லறைக்குக் கை நீட்டி நிற்பதில்லை. பெஞ்சில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அவர்' என்கிறேன். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை.